ஆன்ட்டி அராபாவின் அடைமொழி

ஏப்ரல் 7, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ஆன்ட்டி அராபாவின் பாராட்டுப் பத்திரத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது அட்டவணையைப் பார்க்கவில்லை. தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பாதி தெரிந்து செய்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலிருந்து எழுதுகிறேன். அம்போக்ரோம் மாவட்ட மன்ற அலுவலகத்தில் நான் இளநிலை எழுத்தர். ஆன்ட்டி அராபா அதே அலுவலகத்தைப் பெருக்குகிறவர். முப்பத்தொரு வருடமாகக் கதவைத் திறப்பதும் அவர்தான், பூட்டுவதும் அவர்தான். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறுகிறவருக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று தருவார்கள். மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, மைதானத்தில் அதை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். அந்த வருடப் பத்திரங்களில் யாருடைய அடைமொழி உயர்ந்ததோ அவர்தான் சிறந்த ஊழியர் என்பது விதி. சிறந்த ஊழியருக்கு இந்த வருடப் பரிசு ஒரு பெரிய ஃப்ரீசர். இந்த வருடம் ஓய்வு பெறுவது ஆன்ட்டி ஒருவர் மட்டுமே. அதனால் ஃப்ரீசர் அவருக்குத்தான் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். லாரி நிலையத்தில் தண்ணீர்ப் பாக்கெட்டும் ஐஸும் விற்க ஓர் இடம்கூடப் பேசி வைத்திருக்கிறார். மே ஐந்துக்குள் ஃப்ரீசரோடு வரவில்லையென்றால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

இனி அட்டவணை. எந்தப் படிநிலைக்கு எந்த அடைமொழி என்று எங்கள் மன்றத்தில் அச்சடித்த அட்டவணை உண்டு. பெருக்குகிறவர்களுக்கு ‘நம்பகமான’. காவலாளிக்கு ‘விழிப்பான’. ஓட்டுநருக்கு ‘ஓரளவு நிதானமான’. எழுத்தருக்கு மூன்று வருடம் முடிந்த பிறகு ‘சுறுசுறுப்பான’. எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மாவட்டத் தலைவருக்குத் ‘தொலைநோக்கு மிக்க’, கூடவே அவர் விரும்பும் வேறு இரண்டு.

நான் போட்டது ‘கிரெபஸ்குலர்’.

காரணம் மாலை வகுப்பு. ஆங்கிலப் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதப் போகிறேன். வாரம் ஒரு அரிய சொல் சொல்லிக் கொடுத்து, அதை வாழ்க்கையில் மூன்று இடத்திலாவது பயன்படுத்தச் சொல்வது பென்டம் மாஸ்டரின் முறை. இந்த வாரச் சொல் இது. அந்தி வெளிச்சத்துக்கு உரிய, விடியலிலும் அந்தியிலும் நடமாடுகிற என்று பொருள். ஆன்ட்டி விடியுமுன் வந்து பெருக்குவார். இருட்டும் நேரத்தில் மறுபடி பெருக்கிவிட்டுப் பூட்டுவார். இவருக்கு இது பொருந்துவதுபோல வேறு யாருக்குப் பொருந்தும் என்று கை தானாகத் தட்டச்சு செய்துவிட்டது.

பத்திரத்தைக் காட்டியபோது ஆன்ட்டி சொன்னார்: “என்ன எக்கோ இது, மலேரியா மாத்திரை பேரு மாதிரி இருக்கு?”

பொருளைச் சொன்னேன். துடைப்பத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டார்.

“அப்படி ஒரு சொல்லு இருக்கா? வெள்ளைக்காரன் என்னைப் பார்க்காமலே எழுதி வச்சிருக்கான் பாரேன்.”

அவருக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் திருத்தவில்லை. இரண்டாவது தவறு அது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நிர்வாக இயக்குநர் மேடம் எவுசி காலையிலேயே கூப்பிட்டார். மேசைமேல் பத்திரம். அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

“எக்கோ டாண்டோ. இது யாரு வேலை?”

“என் வேலை, மேடம்.”

“இந்தச் சொல்லு எந்தப் படிநிலைக்கு உரியது?”

“தெரியாது, மேடம். பொருள் மட்டும் தெரியும்.”

“பொருள் எனக்கும் தெரியும்,” என்றார். பார்வை ஜன்னல் பக்கம் போய்விட்டது. “யாருக்குத்தான் தெரியாது? இந்தச் சொல்லுக்குத் தன்னோட இடம் தெரியுமான்னுதான் கேக்குறேன். இன்னைக்குப் பெருக்குறவங்களுக்கு நாலு அசையில ஒரு சொல்லு குடுத்தா, நாளைக்குக் காவலாளி ஐஞ்சு அசையில கேப்பான். அப்புறம் ஹானரபிளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

ஹானரபிள் என்பது எங்கள் மாவட்டத் தலைவர், ஹானரபிள் கிரென்ட்சில். அவரை வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. அவருடைய மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாராம்.

வியாழக்கிழமை அடைமொழிக் குழு கூடுகிறது. குறிப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு.

ஏப்ரல் 10, வியாழன்

குழு கூடியது. மேடம் எவுசி, விவசாய அதிகாரி, சுகாதார அதிகாரி, வரவுசெலவு அதிகாரி, தலைமையில் ஹானரபிள். மீன் அடைத்த சமோசாவும் குளிர்பானமும் வந்த பிறகு நடவடிக்கை தொடங்கியது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். குறிப்பேட்டில் இதில் பாதியை அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

விவசாய அதிகாரி எழுந்தார். “எங்க அப்பா கடைசிக் காலத்துல கிரெபஸ்குலராத்தான் இருந்தார். அதனால இந்தச் சொல்லைப் பத்தி உணர்ச்சிவசப்படாமப் பேச என்னால முடியாது.” உட்கார்ந்துவிட்டார்.

“அது நம்ம மாவட்டத்துல இப்ப கிடையாது,” என்றார் சுகாதார அதிகாரி. “பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒழிச்சாச்சு. வீடு வீடாப் போனோம். அறிக்கை இருக்கு.”

வரவுசெலவு அதிகாரி, “போன வருஷத் திட்டத்துலயே இதுக்கு ஒதுக்கீடு இருந்துச்சே. செலவாகாம திருப்பி அனுப்பிட்டோம்,” என்றார்.

நான் கையைத் தூக்கினேன். “மன்னிக்கணும், எனக்கு அதோட பொருள் தெரியும். அகராதியில—”

மேடம் எவுசி பேனாவால் மேசையைத் தட்டினார். “உக்காரு. எழுத்தர் படிநிலை சொல்லை எழுதலாம். பொருளை வச்சிருக்க அதிகாரம் கிடையாது. நாலாம் படிநிலைக்கு மேலதான் அது.”

உட்கார்ந்தேன். குறிப்பேட்டில் ‘எழுத்தர் உட்கார்ந்தார்’ என்று எழுதினேன்.

பிறகு சொல்லின் உயரத்தைச் சோதித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்ல வேண்டும். விவசாய அதிகாரி இரண்டாவது அசையிலேயே நின்றுவிட்டார். சுகாதார அதிகாரி முழுதாகச் சொன்னார். ஆனால் வாயிலிருந்த சமோசா வரவுசெலவுப் பதிவேட்டின் மேல் விழுந்தது. கடைசியாக ஹானரபிள் எழுந்தார். கண்ணை மூடினார். “கிரெபஸ்குலர்” என்றார். மேடம் எவுசி மெதுவாகக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் என்று தெரியவில்லை.

“பொருந்துது,” என்றார் மேடம். “தைச்சு வச்ச மாதிரி பொருந்துது, ஹானரபிள்.”

“எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் தோணிச்சு,” என்றார் ஹானரபிள். “சின்ன வயசுலேருந்தே.”

தீர்மானம்: ஒரே மூச்சில் சொல்லக் கடினமான சொல் பெருக்குகிறவருக்கு உரியதல்ல. அச்சொல் தவறான இடத்திலிருந்து மீட்கப்பட்டு ஹானரபிளுக்கு வழங்கப்படுகிறது. அவர் ஓய்வு பெறவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் ‘முன்கூட்டிய பாராட்டுப் பத்திரம்’ என்று ஒரு புது வகை உருவாக்கப்பட்டது. ஆன்ட்டிக்கு ‘நம்பகமான’. மிக உயர்ந்த அடைமொழி ஹானரபிளுக்குப் போய்விட்டதால், விதிப்படி ஃப்ரீசரும் அவருக்கே.

ஆன்ட்டியிடம் நான்தான் சொன்னேன். குப்பைக்கூடையைக் கீழே வைத்தார்.

“சொல்லை எடுத்துக்கட்டும். வாயில வச்சிக்கட்டும். பெட்டி எதுக்கு அவருக்கு? அவர் ஐஸ் விப்பாரா?”

“என் தப்பு, ஆன்ட்டி. ‘நம்பகமான’னு போட்டிருந்தா யார் கண்ணுலயும் பட்டிருக்காது. பெட்டி உங்களுக்கே வந்திருக்கும்.”

“ஆமா, உன் தப்புதான்,” என்றார். மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

அலுவலகப் பெயர்ப்பலகை மாறிவிட்டது. ‘மாவட்டத் தலைவர் (கிரெபஸ்குலர்)’ என்று மஞ்சள் வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள்.

மதியம் சந்தைக் கழிப்பறைத் திறப்பு விழா. ஹானரபிளின் பேச்சை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதைப் பார்க்காமல் பேசினார்.

“அம்போக்ரோம் மக்களே! ரோடு எங்கன்னு கேட்டாங்க. பதில் சொன்னேனா? இல்லை! தண்ணிக்குழாய் எங்கன்னு கேட்டாங்க. பதில் சொன்னேனா? இல்லை! ஏன்னா கிரெபஸ்குலரான ஒரு தலைவன் பதில் சொல்லிக்கிட்டு நேரத்தை வீணாக்க மாட்டான். இந்தப் பெருமையை நான் தேடிப் போகலை. ஒரு ஏழைப் பெண்ணோட கையில தெரியாத்தனமா சிக்கியிருந்துச்சு. அவங்க கஷ்டப்படக்கூடாதுன்னு நானே வாங்கிக்கிட்டேன். இந்தக் கழிப்பறையும் கிரெபஸ்குலர் கழிப்பறைதான்! உங்க பிள்ளைங்களும் ஒருநாள் கிரெபஸ்குலர் ஆவாங்க!”

மக்கள் ஆரவாரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற கென்கே என்னும் சோள உருண்டை விற்கும் பெண், “கிரெபஸ்குலர்னா இலவசமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்போ எதுக்குக் கத்துறாங்க?” என்று போய்விட்டாள்.

மாலை வானொலியில் எதிர்க்கட்சிக்காரர் பேசினார். கிரெபஸ்குலர் கொள்கையை முதலில் கொண்டுவந்ததே தங்கள் ஆட்சிதானாம்.

மாலை வகுப்பில் பென்டம் மாஸ்டரும் ஹானரபிளின் பேச்சைக் கேட்டிருந்தார். “ஹானரபிள் சொல்ற பொருள் பரீட்சையில வந்தாலும் வரும். ரெண்டையும் எழுதி வச்சுக்கோங்க,” என்றார். அகராதி தவறாக இருக்குமோ என்று எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. நூலகத்துக்குப் போய் இன்னோர் அகராதியும் பார்த்தேன். அதிலும் அந்திதான்.

ஏப்ரல் 16, புதன்

முடிவெடுத்தேன். சொல்லின் பொருளை எழுத்தில், முறையான வழியில், மேடம் எவுசி வாயிலாக ஹானரபிளுக்குச் சமர்ப்பித்தேன். அந்தி வெளிச்சத்தைக் குறிக்கும் என்றும், அந்துப்பூச்சி, சில வகைக் கொசு, சில வகை வௌவால் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படும் என்றும், மனிதர்களைக் குறிப்பது அபூர்வம் என்றும் எழுதினேன். கொசு என்பதன் கீழ் கோடு போட்டேன். வெட்கப்பட்டுச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஃப்ரீசரும் கூடவே திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். குழு முழுதும் இருந்தது. மேடம் என் குறிப்பை உரக்கப் படித்தார். ‘விடியலிலும் அந்தியிலும் மட்டும் நடமாடுகிற’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“மட்டும்?” என்றார் வரவுசெலவு அதிகாரி.

“மட்டும்,” என்றார் மேடம்.

ஹானரபிள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “நம்ம ஊருல அந்தி எவ்வளவு நேரம் இருக்கும்?”

எங்கள் ஊரில் சூரியன் யாரோ பிடித்துத் தள்ளியதுபோலக் கடலில் விழும். விவசாய அதிகாரி எழுந்தார். இந்தத் தடவை உணர்ச்சிவசப்படவில்லை. “இருபத்தோரு நிமிஷம், ஹானரபிள். விடியலுக்கும் அதே.”

“ஆக மொத்தம் நாப்பத்திரண்டு நிமிஷம்.”

“நாளொன்றுக்கு,” என்றார் மேடம்.

வரவுசெலவு அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். நான் சொன்னேன்: “ஹானரபிள், கொசு... வௌவால்...”

“வௌவாலுக்கு என்ன குறை?” என்றார் ஹானரபிள். “அது மீட்டிங் போடுதா? அறிக்கை எழுதுதா? ஆனா வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு ஒரு வௌவாலைப் பத்தியாவது கேள்விப்பட்டிருக்கியா? எக்கோ, நீ நல்லா வருவ.”

ஈஸ்டர் விடுமுறை முடிந்து இருபத்திரண்டாம் தேதி முதல் அலுவலக நேரம்: காலை 5.28 முதல் 5.49 வரை, மாலை 6.10 முதல் 6.31 வரை. உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். பிழை எதுவும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் நாள். 5.28க்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் வேலைக்கு வந்ததிலிருந்து இத்தனை பேரைச் சேர்த்துப் பார்த்ததில்லை. சுகாதார அதிகாரி இரவு உடையிலேயே வந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவே பதினெட்டு நிமிடம் ஆனது. மிச்சம் மூன்று நிமிடத்தில் ஹானரபிள் ஒரு வாழ்த்துரை ஆற்றினார்.

இதற்கிடையே ஆன்ட்டி பெருக்கிக்கொண்டிருந்தார். அவருடைய நேரமும் அதுதானே.

“காலைத் தூக்குங்க, ஹானரபிள்.”

“நான் பேசிக்கிட்டிருக்கேன், அராபா.”

“காலைத் தூக்கிக்கிட்டே பேசுங்க. வாய்க்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?”

தூசி கிளம்பியது. மேடம் எவுசி பதினொரு தடவை தும்மினார். எண்ணினேன். மாலைக்குள் இன்னொரு உத்தரவு வந்தது: கிரெபஸ்குலர் நேரத்தில் பெருக்குவதற்குத் தடை. பெருக்குகிறவர் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மட்டும் வரலாம். மற்ற ஊழியர் எவரும் அந்த நேரத்தில் கட்டடத்தில் இருத்தல் ஆகாது.

“அப்போ இனிமே நான் அந்தச் சொல்லு இல்லை,” என்றார் ஆன்ட்டி.

“சட்டப்படி இல்லை, ஆன்ட்டி.”

“முப்பத்தொரு வருஷம் இருந்தேன். பேரு தெரிஞ்சு பதினஞ்சு நாள்ல போச்சு.” சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, “லாரி நிலையத்துக்காரன் இன்னைக்கும் கேட்டான். நான் என்ன சொல்லட்டும்?” என்றார்.

6.31க்குத்தான் விட்டார்கள். வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று இன்னொரு சிறு தவறு. பரீட்சைப் பதிவுப் படிவத்தை மேசை இழுப்பறையில் மறந்துவிட்டேன். தடை இருக்கிறது என்று தெரிந்தும் பதினோரு மணிக்கு அதை எடுக்கப் போனேன்.

அலுவலக வாசலில் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலக வரிசை நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஏதோ ஆபத்து என்று நினைத்து ஓடினேன்.

உள்ளே ஆன்ட்டி அராபா முன்மேசையில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது.

“என்ன ஆன்ட்டி பண்றீங்க?”

“பெருக்குறேன்.”

மீன் புகை போடும் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். “பிள்ளை பிறப்புச் சான்று, ஆன்ட்டி. பேரு வச்ச வாரத்துல மனு குடுத்தேன். இப்ப அவனுக்குப் பால்பல்லு விழுந்து புதுப்பல்லு வந்தாச்சு. தினமும் ‘செயல்முறையில இருக்கு’ங்கிறாங்க.”

“பேரு?”

“இட்டுவா மென்சா.”

ஆன்ட்டி எழுந்து வரவுசெலவு அதிகாரியின் மேசைக்குப் போனார். குனிந்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதக் கற்றையை உருவினார். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. கற்றையைப் பிரித்து, தூசியைத் தட்டி, நான்காவது தாளைக் கொடுத்தார். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. எட்டு வருடத்துக்கு முன்பே.

“ஒண்ணுலயும் நான் கையெழுத்துப் போடலை, எக்கோ. பயப்படாதே,” என்றார். “எல்லாம் அவங்க போட்டதுதான். போட்டு முடிச்சு எங்க வச்சோம்னு மறந்துடுவாங்க. தினம் ரெண்டு வேளை நகர்த்திப் பெருக்குறவளுக்குத் தெரியாதா? நிலப் பட்டா பூரா மேடம் ரூம்ல பூந்தொட்டிக்கு அடியில. கிணறு தோண்ட அனுமதி, ஹானரபிள் நாற்காலி மெத்தைக்குக் கீழ. அவருக்கு உயரம் பத்தலை.”

“இதை இத்தனை நாள் ஏன் யாருக்கும் சொல்லலை?”

“யாரு கேட்டா? பகல்ல என்னை உள்ள விட்டாங்களா?”

படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. மூன்று மணிவரை பெயர்களைப் படித்துக் கூப்பிட்டேன். அறுபத்திரண்டு பேர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பெரிய நாள். வரிசைப்படி எழுத முயல்கிறேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு மண்டல அலுவலக ஆய்வாளர் திரு. அவுனி சொல்லாமல் வந்து இறங்கினார். வடக்கத்திக்காரர், உயரமானவர், நிதானமாகப் பேசுகிறவர். நான் மறுபடியும் தடையை மீறி ஆன்ட்டிக்குப் பெயர் படித்துக்கொண்டிருந்தேன். ஒளிய இடமில்லை.

“மாவட்டத் தலைவர் எங்கே?” என்றார்.

ஆன்ட்டி எழுந்து நின்றார். “அவர் கிரெபஸ்குலர், சார்.”

திரு. அவுனி தொப்பியைக் கழற்றினார். “ஐயோ. எவ்வளவு நாளா?”

“ஒரு வாரமா, சார்.”

“நிர்வாக இயக்குநர்?”

“அவங்களும்தான்.”

“மத்த அதிகாரிங்க?”

“எல்லாருமே, சார். ஆபீஸ் பூரா.”

திரு. அவுனி கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். “உங்களுக்கு வரலையா, அம்மா?”

“எனக்குத்தான் சார் முதல்ல வந்துச்சு. அவங்க எடுத்துக்கிட்டாங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரு. அவுனி சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எனக்கு அந்தச் சொல்லு தெரியாது. அப்படின்னா என்ன?”

இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன். இந்த இருபத்திரண்டு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதிகாரி அவர் ஒருவர்தான். இரண்டு தடவை தொடங்கி, மூன்றாவது தடவையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்: என் தவறு, அட்டவணை, குழு, ஃப்ரீசர், நாற்பத்திரண்டு நிமிடம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அதற்குள் ஆன்ட்டி இன்னும் நான்கு பேரை அனுப்பிவிட்டார்.

மாலை 6.10 வரை அவர் போகவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தபோது அந்தி மங்கலில் ஹானரபிளின் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மெத்தைக்கு அடியிலிருந்த காகிதமெல்லாம் போய்விட்டதால் திரு. அவுனிக்கு அது சரியான உயரமாக இருந்தது.

ஹானரபிள் உடனே பேச ஆரம்பித்தார். “மண்டல அலுவலகத்தை அன்போடு வரவேற்கிறேன். நாங்க இங்க சேவை நேரத்தை மக்கள் கண்ணுல படாத அளவுக்கு நுட்பமாக்கியிருக்கோம். இந்த ஒரு வாரத்துல ஒரு புகார்கூட என் மேசைக்கு வரலை!”

“மேசையில ஆள் இருந்தாத்தானே,” என்றார் திரு. அவுனி. “இன்னைக்கு மதியம் இந்த ஆபீஸ்ல யாரு இருந்தாங்க?”

யாரும் பேசவில்லை.

அவர் ஆன்ட்டியின் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். ‘நம்பகமான’ என்பதை அடித்தார். அதன் மேல் ஒரே சொல் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேடம் எவுசியிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் சொல்வோமே, அந்தச் சொல்தான்: பிரசென்ட்.

மேடம் விளக்கைப் போட்டு அட்டவணையை எடுத்தார். மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். கீழிருந்து மேலாக இன்னொரு தடவை.

“இது அட்டவணையிலேயே இல்லை, சார்.”

“யாருக்கும் குடுக்கலையா?”

“இல்லை, சார். இந்த ஆபீஸ்ல இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை.”

“ஹானரபிளுக்கு வேணுமா? வேணும்னா எடுத்துக்கட்டும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்து அஞ்சு மணிவரைக்கும் உக்காரணும். தினமும்.”

ஹானரபிள் அந்தச் சொல்லை வாயைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தார். “ரொம்பச் சின்ன சொல்லா இருக்கே,” என்றார். “எனக்குப் பொருந்தாது.”

“அப்போ அந்தப் பெரிய சொல்லு?”

“மக்கள் நலன் கருதி, இன்னையிலேருந்து நான் கிரெபஸ்குலர் இல்லை.” விவசாய அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி 6.31.

பழக்கத்தில் எல்லாரும் எழுந்தார்கள். திரு. அவுனி, “உக்காருங்க,” என்றார்.

ஏப்ரல் 30, புதன்

எட்டு மணிக்கு எல்லாரும் இருந்தார்கள். வரவுசெலவு அதிகாரியின் மேசை ஆடுகிறது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

ஹானரபிளின் முன்கூட்டிய பத்திரம் ரத்தாகிவிட்டதால் ஃப்ரீசர் மறுபடி ஆன்ட்டிக்கே. இன்று அவருடைய கடைசி நாள். மாலை பெருக்கி முடித்து, சாவியை என் கையில் கொடுத்தார்.

“பெரிய சொல்லு போனதுல உங்களுக்கு வருத்தமா, ஆன்ட்டி?”

“கொஞ்சம். சொல்லிப் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.” துடைப்பத்தை மூலையில் சாய்த்தார். “பெட்டி எங்க இருக்குன்னு கேட்டியா?”

மேடம் எவுசியிடம் கேட்டேன். பத்தாம் தேதியிலிருந்தே ஹானரபிள் வீட்டில் ‘பாதுகாப்பாக’ இருக்கிறதாம். வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டேன். அவருடைய மனைவி எடுத்தார். “பாதுகாப்பாத்தான் இருக்கு. நேத்து வாங்கின கானாங்கெளுத்தி முழுக்க அதுலதான் இருக்கு. இப்ப மீனை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? ஹானரபிள்கிட்ட கேட்டா அந்தப் பேச்சையே எடுக்காதேங்கிறார்.”

நாளை செய்ய வேண்டியது: காலை ஆறு மணிக்குக் கைவண்டியோடு ஹானரபிள் வீட்டுக்குப் போக வேண்டும். முதலில் மீனை வெளியே எடுத்து அவருடைய மனைவியின் பாத்திரங்களில் மாற்ற வேண்டும். ஃப்ரீசரை உப்பும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மீன் வாசனை போகாது. படுக்க வைக்காமல் நிறுத்தியபடியே மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்திரத்தை ஒலிபெருக்கியில் படிக்கப் போவது நான். வீட்டிலிருந்து கிளம்புமுன் இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.